நானே சொல்லி எழுதுவித்த நோட்டீஸ்

போன வருடம் மே மாத மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில், கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் நடந்தது இது. எழுதத்தான் வேண்டுமா என்று பலமுறை யோசித்தேன். எழுதினால் மானம் போகும். எழுதாவிட்டால் நித்திரை போகிறது. இந்த வயதில் எனக்கு மானத்தை விட நித்திரைதான் முக்கியம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்பது உங்களுக்கு விளங்காது. நான் கல்யாணம் கட்டாதவள். மாநகர சபையின் சுகாதாரப் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, தலை நரைத்த பிறகுதான் அந்தக் கதிரையை விட்டு எழும்பினேன். வீட்டு வளவில் நுளம்பு, அதுதான் கொசு, பெருகும் இடத்தைக் கண்டுபிடித்தால் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற நோட்டீஸ் இருக்கிறதே, அதைக் கணக்கில்லாமல் தட்டச்சு செய்த கை இது. ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தபோது, உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பட்டியலில் போட ஒரு பெண்பிள்ளை வேண்டுமே என்று கட்சிக்காரர் ஒருவர் தேடி வந்தார். பெயருக்குத்தான் போட்டார்கள். கடைசியில் நான் சபைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தவணை முழுக்க வடிகான், தெருவிளக்கு, குப்பை லொறி என்று அலைந்தேன். தவணை முடிந்தாலும் 'மெம்பர் அன்ரி' என்ற பெயர் மட்டும் ஒழுங்கையில் நிலைத்துவிட்டது. எங்கள் ஒழுங்கையின் நலன்புரிச் சங்கத்துக்கும் நான்தான் தலைவி.

டெங்கு என்று வந்தால் எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கூடிவிடும். ஒரு வீட்டுக்குள் நுழைந்த உடனேயே எங்கே தண்ணீர் தேங்கி நிற்கும் என்று சொல்லிவிடுவேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி, பூச்சாடிக்குக் கீழே வைக்கிற பிளேட், ஒன்றும் தப்பாது. இளசுகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'நுளம்பு மெம்பர்' என்று சொல்லிச் சிரிப்பது தெரியும். உள்ளுக்குள் அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

சுகாதாரப் பிரிவினர் பரிசோதனைக்கு வருகிற நாட்களில் நான்தான் முன்னுக்கு நடப்பேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சீருடை போட்டவர் கேற்றில் தட்டினால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிற வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இருக்கின்றன. யுத்த நாட்களில் வீடு வீடாகச் சோதனை நடந்ததை மறக்காதவர்கள். நான் முன்னால் நின்று குரல் கொடுத்தால்தான் கதவு திறக்கும். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அவர் சிங்களவர், என்னைப் பல வருடங்களாகத் தெரிந்தவர், நல்ல மனிதர்.

பக்கத்து வீடு ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாவுக்கு என்னை விட இரண்டு மூன்று வயது கூட. அவர்களுடைய வழக்கத்தில் அக்காவைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவரை அப்படியே கூப்பிடப் பழகியிருந்தேன்; அவருக்கும் நான் ஒழுங்கை வழக்கப்படி அன்ரிதான். மகன் கட்டாரில் வேலை. வீட்டில் தாத்தாவும் மருமகளும் மட்டும். மருமகள் அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை. அந்த வீட்டில் நான் ஒரு மூலை விடவில்லை. மருமகள் யன்னலில் ஒரு போத்தலில் மணி பிளான்ட் வைத்திருந்தாள். பரிசோதகருக்கு முன்னாலேயே அதைத் தூக்கி, தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் இப்படியா என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். அந்தப் பிள்ளை முகம் சிவந்து, சரி அன்ரி, சரி அன்ரி என்றாள்.

கடைசியாக என் வீடு. பரிசோதகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்விறாந்தையில் நின்றார்.

"மிஸ்கே கெதரத் பலன்னத?" என்று மரியாதையாகக் கேட்டார். உங்கள் வீட்டையும் பார்க்கவா என்பது அதன் அர்த்தம்.

நான் சிரித்தேன். என்னுடைய வீட்டையா, முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள் என்று சிங்களத்தில் சொல்லி அவரைக் கதிரையில் இருத்தினேன். அவர் குடித்தார். அட்டையில் என் வீட்டு இலக்கத்துக்கு நேரே சரி என்று குறித்தார். அதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. பார்க்கிறேன் என்றவரைப் பார்க்க விடாதவள் நான்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை இருக்கும். பக்கத்து வீட்டு மருமகளுக்குக் காய்ச்சல் என்று மதிலுக்கு மேலால் தாத்தா சொன்னார். மழைக் காய்ச்சல், ஒழுங்கையில் பாதிப் பேருக்கு இருமலும் தடிமலுமாக இருந்த நேரம். நானும் பெரிதாக எடுக்கவில்லை. அந்த வீட்டை நானே தலைகீழாகப் பார்த்திருந்தேனே, டெங்கு எப்படி வரும் என்ற எண்ணம்.

நாலாம் நாள் காலை பத்து மணி போல கேற்றில் யாரோ தட்டினார்கள். அடுத்த ஒழுங்கையில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்து, சுற்றுவட்டார வீடுகளைப் பார்க்க வந்தவர்கள். இந்த முறை வந்தது புதிய பரிசோதகர். இருபத்தைந்து வயது இருக்கும், மலையகத்துப் பிள்ளை. என்னை அவளுக்குத் தெரியாது. தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றேன். பார்த்திட்டுக் குடிக்கிறேன் அம்மா என்று சொல்லி, கையில் டோர்ச்சுடன் நேரே வீட்டுக்கும் மதிலுக்கும் இடையிலான பக்கவாட்டு ஓடைக்குள் போய்விட்டாள்.

அந்த ஓடைக்குள்தான் நலன்புரிச் சங்கத்தின் பொருட்களை வைத்திருந்தேன். கூட்டங்களுக்கு எடுக்கிற பிளாஸ்ரிக் கதிரைகள், வெள்ளம் வந்தால் கொடுக்க எடுத்து வைத்த பேசின்கள், வாளிகள். எல்லாவற்றையும் ஒரு நீலத் தறப்பாளால் மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். பொதுச் சொத்து நனையக்கூடாதே. மூடிக் கட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கம் நான் தலை நீட்டவே இல்லை.

அந்தப் பிள்ளை குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அடுக்கிய கதிரைகளுக்கு நடுவே தறப்பாள் தொய்ந்து, ஒரு சின்னக் குட்டை மாதிரித் தண்ணீர் நின்றது. அவள் ஒரு வெள்ளைக் கரண்டியால் அள்ளிக் காட்டினாள். குடம்பிகள், நுளம்புப் புழுக்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே ஓடின. எந்த நுளம்பின் குடம்பி என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே கூசுகிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினேன்.

"பிள்ளை, நான் முந்தி மெம்பரா இருந்தனான். உந்தச் செக்ஷனிலதான் வேலையும் செய்தனான். இப்பவே எல்லாத்தையும் ஊத்திக் கழுவி விடுறன். இதை எழுத வேண்டாம், என்ன?"

அவள் கோபப்படவில்லை. புத்தகத்தை விரித்து, பேனையைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இதே செக்ஷன்ல வேல செஞ்சேன்னு சொல்றீங்க. அப்ப நான் என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்கம்மா."

ஓங்கி அறைந்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது. பிறகு சொல்லத் தொடங்கினேன். மேற்படி வளவில் நுளம்பு பெருகும் இடம் காணப்பட்டமையால் என்று தொடங்கும் அந்த வசனங்களைப் பார்க்காமலே சொல்ல எனக்குத் தெரியும். என் இலக்கம், என் ஒழுங்கை, என் பெயர். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கீழே ஒரு கட்டம் இருந்தது. அயல் வீடுகளில் காய்ச்சல் கண்டவர்கள் உண்டா என்று கேட்கிற கட்டம். அந்த இடத்துக்கு வந்ததும் நான் மதிலைத் திரும்பிப் பார்த்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நான் நின்ற இடத்திலிருந்து நாலு முழம் இருக்காது. அங்கேதான் தாத்தாவின் மருமகள் படுக்கிற அறையின் யன்னல்.

இன்னொன்றும் அப்போதுதான் மண்டையில் இடித்தது. அன்று காலை தாத்தா மதிலடியில் நின்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தார், விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு குளிர்ந்திருக்கிறது, கஞ்சி குடித்தது மட்டும் நிற்கவில்லை, சத்தி வருகிறது, வயிற்றுக்குள் கொஞ்சம் நோகிறதாம், ஏழு மாதம்தானே என்று. நானும் தலையாட்டிவிட்டு உள்ளே வந்திருந்தேன். டெங்குவில் காய்ச்சல் இருக்கிற நாட்களை விட, விட்ட பிறகு வருகிற நாள்தான் ஆபத்து. சத்தியும் வயிற்று நோவும் வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. எத்தனை துண்டுப்பிரசுரத்தில் அடித்திருப்பேன் இதை.

நான் பரிசோதகரிடம் சொன்னேன். அவளுடைய முகமும் மாறிவிட்டது. இதற்கு மருந்து போட்டுவிட்டு வருகிறேன், நீங்கள் முதலில் ஓடிப்போய்க் கதையுங்கள் என்றாள்.

நான் ஓடினேன். அந்த நாலடி தூரத்துக்குள் என் மனம் போட்ட கணக்கைக் கேளுங்கள். தறப்பாளைப் பற்றிச் சொல்லாமலே அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாமா என்று பார்த்தது. அவ்வளவு பயத்திலும் அது பேரைக் காப்பாற்றத்தான் பார்த்தது.

தாத்தா குசினியில் நின்றார். பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவோம், இது டெங்குவாக இருக்கலாம் என்றேன். அவர் சிரித்தார்.

"அன்ரிக்கு எப்பவும் டெங்குதான். காச்சல் விட்டுட்டுதே. இப்பதான் கொஞ்சம் கண்ணசந்தா. எழுப்பி மழைக்குள்ள கூட்டிட்டுப் போகேலா."

ஒரு தடவை இரத்தம் சோதித்தால் போதும் என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்.

"எங்கட வீட்டில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நீங்கதானே மூல மூலையாப் பார்த்தீங்க. அப்ப எங்கால வரும்?"

அதற்கு மேல் ஒளிக்க இடமில்லை. நான் பார்த்ததை நம்பித்தான் அவர் பயப்படாமல் இருந்தார். அந்த நம்பிக்கையை உடைத்தால்தான் அந்தப் பிள்ளை பிழைப்பாள்.

"தாத்தா, நுளம்பு உங்கட வீட்டில இல்லை. என்ட வீட்டில. பிள்ளையின்ட யன்னலுக்கு நேரதான் நிண்டிருக்கு. நான் பார்க்கேல்லை. பார்க்க வந்தவரையும் நான்தான் விடேல்லை."

அவருடைய கை என் கையிலிருந்து மெல்ல விலகியது. என்னை ஏசவில்லை. ஏதாவது ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். திரும்பி அறைக்குள் போய் மருமகளை எழுப்பினார். நான் ஒழுங்கை முகப்புக்கு ஓடி ஓட்டோ ஒன்றைப் பிடித்து வந்தேன்.

அந்த ஓட்டோப் பயணத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை. காலி வீதி முழுக்க வாகனம், மழை வேறு. தாத்தா மறுபக்கம் பார்த்துக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். நிலைமை தெரியாத அந்தப் பிள்ளை என் தோளில்தான் சாய்ந்துகொண்டாள். கை குளிருது அன்ரி என்றாள். நான் அந்தக் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன். சிக்னலில் சிவப்பு விழும்போதெல்லாம் ஓட்டோக்காரரை அவசரப்படுத்தினேன். வயிற்றுப்பிள்ளை அசைகிறதா என்று கேட்க நினைத்தேன். அசையவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்து கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, காய்ச்சல் எத்தனை மணிக்கு விட்டது என்பதுதான். தாத்தா சுபஹுக்குப் பிறகு என்றார். டாக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள், உடனேயே தனியாகக் கவனிக்கிற வார்ட்டுக்குக் கொண்டு போனார்கள். டெங்குதான். இரத்த நாளத்திலிருந்து நீர் கசியத் தொடங்கிவிட்டது, பின்னேரம் வரை வீட்டில் வைத்திருந்தால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். குழந்தையின் இதயத்துடிப்பு இருக்கிறது, ஆனால் இரண்டு நாள் போகவேண்டும் என்றார்.

அந்த இரண்டு நாளும் பார்வையாளர் நேரம் முழுவதும் நான் அங்கேதான். வார்ட்டுக்கு வெளியே ஒரு நீள வாங்கு. தாத்தா ஒரு அந்தத்தில், நான் மறு அந்தத்தில். நடுவில் நாலு பேர் இருக்கக்கூடிய இடம் காலியாகவே கிடந்தது. கட்டாரிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் எடுத்து எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு அன்ரிதான் சொன்னா என்று மட்டும் தாத்தா பதில் சொன்னார். அவர், அன்ரியிடம் கொடுங்கள் என்று சொல்லி, எனக்கு நன்றி சொன்னார். கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தம்பி, நன்றி சொல்லாதையுங்கோ, முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், உம்மாவிடம் கொடுங்கள் என்றார்.

தாதிமார் மணிக்கொரு தடவை உள்ளே போய் வந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக எழும்புவோம், ஒன்றாக உட்காருவோம். நான் கும்பிடாத தெய்வமில்லை. அந்த இரண்டு நாளில் எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் நான் வீடு வீடாக ஏசிய ஏச்சுகள்தான். ஒரு கிழவருக்கு, வாளியைக் கவிழ்த்து வைக்காததற்காக, பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் கொடுத்த ஏச்சு. அவருடைய முகம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வெளியே வந்து, கசிவு நின்றுவிட்டது, தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்றார். தாத்தா அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கிட்டப் போகவில்லை. போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வாங்கின் இந்தப் பக்கம் இருந்து நானும் அழுதேன்.

நோட்டீஸ் வழக்கானது. ஒரு போன் போட்டால் பேசி முடிக்கலாம் என்று பழைய சபை நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். நீதிமன்றத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது, நோட்டீஸ் அடித்த காலத்தில் நான் பெயரை மட்டும் தட்டச்சு செய்து முகமே பார்க்காத மாதிரியான மனிதர்களோடு ஒருவராக நின்று, குற்றவாளிதான் என்று சொன்னேன். அபராதத்தைக் கட்டிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். நலன்புரிச் சங்கக் கூட்டத்திலும் நடந்ததை நானே சொல்லித் தலைவர் பதவியை விட்டேன். நான் சொன்னதை விட வேறு மாதிரி யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்ற பயமும் அதில் இருந்தது.

ஆடி முடிய அந்த வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. எல்லா வீட்டுக்கும் இனிப்பு வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் வேறு ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மதிலடிக் கதை நின்றுபோய் அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நானும் வலிந்து போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மறுபடி பரிசோதனை. அதே மலையகத்துப் பிள்ளைதான் வந்தாள். கூட ஒழுங்கையிலிருந்து யாராவது ஒருவர் நடக்க வேண்டுமே, இந்த முறை தாத்தா நடந்தார். முதல் வீடாக என்னுடையதற்கு வந்தார்கள். நான் கேற்றைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அந்தப் பிள்ளை பின்வளவுக்குப் போக, தாத்தா ஓடைக்குள் போனார். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு அடியாகப் பார்த்தார், மதிலையும் பார்த்தார், மதிலுக்கு மேலே தெரிந்த தன் வீட்டு யன்னலையும் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அண்டைக்கு நீங்க சொல்லாட்டி நான் புள்ளைய எழுப்பியே இருக்க மாட்டன். அது எனக்குத் தெரியும். ஆனா அன்ரி, மத்ததையும் மறக்க ஏலாமத்தான் கிடக்கு."

"மறக்க வேண்டாம் தாத்தா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இப்போது மறுபடியும் கதைக்கிறோம். முன்னைப் போல இல்லை, ஆனால் கதைக்கிறோம். சில நாள் குழந்தையை மதிலுக்கு மேலால் தூக்கிக் காட்டுவார். அவன் என்னைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பான், என் கண் மட்டும் ஒருமுறை ஓடைப் பக்கம் போய் வரும்.

சபையிலும் ஒழுங்கையிலும் இத்தனை வருடம் வேலை செய்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமல்ல. இன்றைக்கும் யாராவது, உங்கள் வீட்டையெல்லாம் பார்க்கத் தேவையில்லைதானே மிஸ் என்று பணிவாகச் சொன்னால், ஓட்டோவில் சாய்ந்திருந்த அந்தப் பிள்ளையின் குளிர்ந்த கை மறுபடி என் கைக்குள் வந்துவிடுகிறது. தயவுசெய்து உள்ளே வந்து பாருங்கள் என்று கதவை முழுக்கத் திறந்துவிடுகிறேன்.